தாய்மாமன் மடி: நான்காம் பதிப்பு

"என்னைய ஏன் மாப்ள கீழ போட்டிருக்கீங்க? தம்பி மட்டும் மேல நிக்கிறான்?"

காலைக் காப்பி தொண்டையில் இறங்குவதற்குள் பொன்னமராவதியிலிருந்து பெரிய மச்சான் அய்யப்பனின் போன் வந்துவிட்டது. திருமுருகன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அது படம் மச்சான். அதுல மேல கீழங்கிற கணக்கே கெடையாது. எடம் இருந்த எடத்துல வச்சேன்."

"நான் மூத்தவன் மாப்ள. எனக்கு எடமில்லாம அவன் காலடியில நிக்க வச்சிருக்கீங்க. அதுவும் குச்சி குச்சியா. என் ஒடம்பப் பாத்தா குச்சி மாதிரியா இருக்கு?"

இல்லைதான். அய்யப்பன் பொன்னமராவதியில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தால் கடையில் பாதி தெரியாது. ஆனால் திருமுருகன் எழுதும் மொழியில் குண்டு மனிதனுக்கு எழுத்து கிடையாது. எல்லாரும் குச்சிதான்.

அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திருமுருகன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்குத் திருமயத்தில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற இன்ஜினியர். கம்பெனி ரயில் பெட்டிகளுக்குத் தானாகத் திறந்து மூடும் கதவு செய்கிறது. திருமுருகன் கதவு செய்வதில்லை. கதவு செய்வதற்கு முன்னால், அதற்கு என்னென்ன தேவை, எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்யும், எது எதோடு சேரும் என்று கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி எழுதி வைப்பான். அதற்கென்று தனியாக ஒரு மாடலிங் மொழி உண்டு. வாயால் பேசுகிற மொழி இல்லை. கட்டம், அம்பு, வட்டம், குச்சி மனிதன், இவைதான் அதன் எழுத்து. கட்டம் என்றால் பொருள், அம்பு என்றால் தொடர்பு, குச்சி மனிதன் என்றால் ஆள். ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்ய ஒரு ஆளைக் காட்டிவிட வேண்டும். எல்லாம் பொருந்தினால் பச்சை டிக் வரும். எங்காவது ஓட்டை இருந்தால் மஞ்சள் முக்கோணம் மினுக்கும்.

"கம்ப்யூட்டர்ல கோலம் போடுற வேலை" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். திருமுருகன் எத்தனையோ தடவை விளக்கிப் பார்த்து, கடைசியில் கோலம் என்பதற்கே தலையாட்டப் பழகிவிட்டான்.

கோலம் ரயில் கதவோடு நின்றிருந்தால் வம்பே இல்லை. மகள் இளமதிக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தபோதுதான் வினை ஆரம்பித்தது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மனைவி சரண்யாவுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவன். அண்ணன் அய்யப்பன், "மூத்தவன் நானிருக்கும்போது வேற மடி எதுக்கு?" என்றார். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிற தம்பி அறிவுச்செல்வன் இதற்காகவே லீவு போட்டு வந்து இறங்கி, "மொதப் புள்ள ஒன் மடியிலதாண்டான்னு அண்ணனே போன்ல சொன்னாரு" என்றான். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார் அண்ணன். "சத்தியம் பண்ணுங்க" என்றான் தம்பி.

சரண்யா அன்றைக்கு அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னா இவுக ரெண்டு பேருதாங்க. ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்புடுறத நான் பாக்கணும். அது நடக்கலைன்னா எனக்குப் போக வீடே இல்ல."

அவள் அழுதால் திருமுருகனுக்குத் தாங்காது. தாங்காதவன் பேசாமல் ஆறுதல் சொல்லியிருக்கலாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இவ்வளவுதானே? நாளைக்குள்ள தீர்த்துர்றேன். ரெண்டு தேவை ஒன்னோட ஒன்னு மோதுது. எங்க ஆபீஸ்ல தினம் நடக்குறதுதான்," என்றான்.

"ஒங்க ஆபீஸ்ல கதவு கோவிச்சுக்கிட்டுப் போவாதுங்க," என்றாள் சரண்யா.

அந்த ஒரு வாக்கியத்தை அவன் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

முதல் பதிப்பு மிக எளிமையானது. காது இரண்டு, மாமன் இரண்டு. வலது காது அண்ணன் மடியில், இடது காது தம்பி மடியில். படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். விடிந்ததும் வந்த போன்தான் நீங்கள் கேட்டது.

சரி என்று இரண்டு குச்சி மனிதர்களையும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தான். உடனே அறிவுச்செல்வனிடமிருந்து செய்தி வந்தது.

"அத்தான், அண்ணனுக்குப் போற அம்பு மட்டும் தடிப்பா இருக்கு."

அம்பை மெலியவைத்தான். பெரிய மச்சான் மறுபடி கூப்பிட்டார்.

"மாப்ள, பொம்பளப் புள்ளைக்கு எடது காதுதான் மொதல்ல குத்துவாக. மொதக் காத அவனுக்குக் குடுத்துட்டு எனக்கு மிச்சத்தையா குடுக்குறீங்க?"

திருமுருகன் இதை எதிர்பார்க்கவில்லை. வலது என்றால் உசத்தி என்று நினைத்துத்தான் பெரியவருக்கு வலதைக் கொடுத்திருந்தான். காதை மாற்றிப் போட்டான். இப்போது தம்பிக்குக் கோபம். "கடல் தாண்டி வந்தவனுக்கு ரெண்டாங்காதா?" என்று கேட்டுவிட்டுக் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டான்.

இரண்டாம் பதிப்பில் இரண்டு காதையும் ஒரே நொடியில் குத்திவிடுவதாக ஏற்பாடு. முதல் காது, இரண்டாம் காது என்ற பேச்சே இருக்காது. அதற்கு இரண்டு ஆசாரி வேண்டும்; பிள்ளை யார் மடியில் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சரண்யா வீட்டுக்குப் பரம்பரையாகக் காது குத்துகிற ஆசாரியிடம் போய்ப் படத்தைக் காட்டினான். ஆசாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இந்தக் கட்டம் யாரு?"

"நீங்கதாங்க."

"பக்கத்துல இன்னொரு கட்டம்?"

"இன்னொரு ஆசாரி."

ஆசாரி கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தார். "ஒங்க மாமனாருக்கு எங்கப்பாரு குத்துனாரு, ஒங்க வீட்டம்மாவுக்கும் நாந்தான் குத்துனேன். ஒத்தக் காதுக்கு என்னைய வாடகைக்குக் கூப்புடுறீங்களா? நல்லாருங்க தம்பி. வேற ஆளப் பாத்துக்கங்க."

அவரைச் சமாதானப்படுத்த வெற்றிலைத் தட்டோடு சரண்யாவே நடந்து போக வேண்டியதாயிற்று. இதில் ஒரே ஒரு நன்மை, அண்ணனும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். இருவருமே தனித்தனியாகப் போன் செய்து திருமுருகனைத் திட்டினார்கள்.

மூன்றாம் பதிப்பில் வேலையையே பிரித்தான். மொட்டை அண்ணன் மடியில், காது தம்பி மடியில். மொட்டைதான் முதலில் நடக்கும், ஆகவே மூத்தவருக்கு முதல் மரியாதை. காதுதான் விசேஷத்தின் பெயரே, ஆகவே இளையவனுக்கும் குறையில்லை. இதைவிட நியாயம் தர்மராஜனாலும் சொல்ல முடியாது என்று நினைத்தான்.

அய்யப்பன் போனில் முதலில் பிள்ளையின் நலம் விசாரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, முடி வளந்துரும்ல?"

"வளரும் மச்சான்."

"ஓட்டை?"

"அது... நிக்கும் மச்சான்."

"அப்ப எனக்கு வளந்து மறையுறது. அவனுக்கு ஆயுசுக்கும் நிக்கிறது. ரொம்ப சந்தோசம் மாப்ள." வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அறிவுச்செல்வன் பெரிய பெட்டியும் கையுமாகத் திருமயம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அதுவரை அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தான். "என் வீட்டுல சாப்புட்டுக்கிட்டே எங்கிட்டருந்து காதப் புடுங்குறியாடான்னு கேட்டாரு அக்கா. நான் எலையில பாதியில எந்திரிச்சுட்டேன். இனிமே அவருகிட்டப் பேசுனா என்னைய ஏன்னு கேளு."

சரண்யா தம்பியை உள்ளே அழைத்துச் சோறு போட்டாள். போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

"நீங்க படம் போடுறதுக்கு முந்தி அவுக சண்டை போட்டாக. இப்ப பேச்சே நின்னுபோச்சு," என்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் என்ன செய்வான்? ஓணான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று இன்னொரு படம் போடுவான். திருமுருகன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் ஆபீஸ் மீட்டிங். கதவு மாதிரியை எல்லாருக்கும் திரையில் காட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எந்தக் கோப்பைத் திறந்தோம் என்று பார்க்காமல் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசவும் ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் மேலதிகாரி ஷர்லி. நாகர்கோவில்காரி. கதவில் ஒரு ஆணி விடுபட்டால்கூட அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

"திரு, ஒரு நிமிஷம். இந்த 'மடி'ங்கிறது எந்தப் பாகம்?"

திருமுருகன் திரையைப் பார்த்தான். தாய்மாமன் மடி, மூன்றாம் பதிப்பு. காதிலிருந்து மடிக்கு அம்பு. பெங்களூரில் ஒன்பது முகங்கள் அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவர் குறிப்பெடுக்கவே தொடங்கியிருந்தார்.

"மன்னிச்சுருங்க மேடம், இது வீட்டு விஷயம், தெரியாம..."

"அட, மூடாதீங்க. சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

அவன் சொன்னான். மீட்டிங்கில் கதவு பற்றிய பேச்சு அன்றைக்கு நடக்கவே இல்லை. மடியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். குறிப்பெடுத்தவர், மடியின் எடை தாங்கும் சக்தி என்ன என்று கேட்டார். கடைசியில் ஷர்லிதான் சொன்னாள்.

"நம்ம ரயில் கதவு ஒரே பலகையா என்ன? ரெண்டு பாதி. ரெண்டும் நடுவுல வந்து சேருது. எந்தப் பாதி மொதல்ல வந்துச்சுன்னு யாராவது சண்டை போடுறாங்களா? மடியையும் அப்படியே செஞ்சிருங்களேன். அண்ணனோட ஒரு தொடை, தம்பியோட ஒரு தொடை. பிள்ளை நடுவுல."

திருமுருகனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை?

"ஆனா ஒன்னு," என்றாள் ஷர்லி. "கீழ ஒரு மஞ்சள் முக்கோணம் மினுக்குதே."

அவன் அழுத்திப் பார்த்தான். 'பிள்ளையை மடியில் வைத்தல்: செய்யும் ஆள் குறிக்கப்படவில்லை.'

"இதெல்லாம் ஒரு விஷயமா மேடம்? எங்க ஊர்ல ஒரு பிள்ளையத் தூக்குறதுக்குப் பத்துக் கை நீளும்," என்று சிரித்தான்.

இப்படிப் பிறந்ததுதான் நான்காம் பதிப்பு. மொட்டை யார் மடியிலும் வேண்டாம், அம்மா மடியிலேயே இருக்கட்டும். காது மட்டும் இரண்டு மாமனுக்கும் பொதுவான ஒரே மடியில். மச்சான்களுக்கு இது பிடித்ததா என்றால், இல்லை. ஆனால் விலகினால் மற்றவனுக்கு முழு மடியும் போய்விடும் என்ற பயத்தில் இருவரும் தனித்தனியாகச் சரி என்றார்கள்.

விசேஷம் கண்மாய்க்கரை அய்யனார் கோவிலில். காலையில் சீக்கிரமே இரண்டு வேன் வந்து சொந்தக்காரர்களை மண் குதிரைகளுக்கு நடுவில் கொட்டிவிட்டுப் போனது. கிடாய்க் கறி வேகிற பக்கம் ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். சரண்யா இளமதியை மடியில் வைத்து மொட்டை போட உட்கார்ந்தாள்.

திருமுருகன் இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு மரப்பெஞ்சைப் போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய மச்சான் ஒரு பாதி, சின்ன மச்சான் ஒரு பாதி. இருவர் முகமும் எதிரெதிர்த் திசையில். பிள்ளைக்குப் பதிலாகத் திருஷ்டி கழிக்க வாங்கி வைத்திருந்த பூசணிக்காய்.

"பெரிய மச்சான், கொஞ்சம் இங்கிட்டு வாங்க."

"அவனை அங்கிட்டு நகரச் சொல்லுங்க மாப்ள."

"அத்தான், அவரு தொப்பை போக மடி ஒரு சாண்தான் மிச்சம் இருக்கு. அதுல புள்ள எப்படி உக்காரும்னு கேளுங்க."

"இவன் தொடை ரெண்டும் மூங்கில் மாதிரி இருக்கு, புள்ளைக்குக் குத்தும்னு சொல்லுங்க."

நடுவில் நின்று திருமுருகன் இருவருக்கும் தூது சொன்னான். இரண்டடி தள்ளி இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதைக் கேட்டு, அப்படியே திரும்பிச் சொல்வது என்பது எவ்வளவு கேவலமான உத்தியோகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டான். உயரம் வேறு பொருந்தவில்லை. பெரியவர் காலுக்கடியில் செங்கல் வைத்தான். பூசணிக்காயை நடுவில் வைத்தான். அது நிதானமாக உருண்டு, இரண்டு தொடைக்கும் நடுவில் விழுந்து, தரையில் கொஞ்சத் தூரம் ஓடி நின்றது.

வேடிக்கை பார்த்த நாலைந்து பேர் பதறினார்கள். பிள்ளை விழுந்தால்?

"இடைவெளியை மூடணும்," என்றான் திருமுருகன். ஒரு துண்டை எடுத்து அண்ணனின் வலது தொடையையும் தம்பியின் இடது தொடையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். மேலே இன்னொரு துண்டு. பூசணிக்காய் இப்போது அசையவில்லை. மச்சான்களாலும் அசைய முடியவில்லை. ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு, மூன்று கால் ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கட்டை அவிழ்த்தால் மறுபடி உட்காரமாட்டார்கள் என்று தோன்றியதால் அவன் அவிழ்க்கவில்லை.

"ஏங்க, இவுக ரெண்டு பேரும் ஒரே புள்ளைக்கு மாமனா?"

மண் குதிரை நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துண்டு சுற்றிய பிள்ளை, மொட்டைத் தலையில் சந்தனம். இவ்வளவு நேரம் ஒத்திகையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆமாங்க. ஒரு புள்ளைதான்," என்றான் திருமுருகன்.

"எம் புள்ளைக்கும் இன்னைக்குத்தாங்க. ஒங்களுக்கு அடுத்தாப்புல. எம் பேரு பரிமளா. ஆவுடையார்கோவில் பக்கம். வீட்டுக்காரரு சவூதில இருக்காரு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். "எனக்குக் கூடப் பொறந்தவுக யாரும் இல்லீங்க. படிக்கட்டுலயே உக்கார வச்சுக் குத்திருவேன்னு ஆசாரி சொல்லிட்டாரு."

"குடுத்து வச்சவுகங்க நீங்க!" என்றான் திருமுருகன் மனசாரப் பொறாமைப்பட்டு. "மடி இல்ல, சண்டை இல்ல. ரொம்ப எளிசான சிஸ்டம்."

சில நேரம் சனி படித்தவன் நாக்கில்தான் வந்து உட்காரும். பரிமளா பிள்ளையின் துண்டைச் சரி செய்தாள். பிறகு அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"அது என்னங்க படம்?"

அவன் வேலையைப் பற்றி யாரும் ஆசையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து எல்லாவற்றையும் காட்டினான். இது ஆசாரி, இது பெஞ்சு, இது பொது மடி, இது மேளம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள்.

"இங்க மஞ்சளா மினுக்குதே?"

"அது ஒன்னுமில்லங்க. புள்ளைய எடுத்து மடியில வைக்கிறது யாருன்னு ஆள் போடல. அதுக்கெல்லாமா ஆள் போடுவாங்க? யாரு வேணா வைக்கலாம்."

"யாரு வேணாவா?"

"யாரு வேணா."

பரிமளா தலையாட்டினாள்.

மொட்டை முடிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டச் சரண்யா கண்மாய்க்கரைக் குழாயடிக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஐந்தாறு மொட்டைகள் வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தன. இங்கே ஆசாரி ஊசியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாம் பதிப்பின் கோபம் அவருக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

"நல்ல நேரம் முடியப் போவுது. நேரம் தாண்டுனா நான் ஊசியத் தொடமாட்டேன். புள்ளைய வைங்க!"

"புள்ளைய வைங்கப்பா!" என்றார் அய்யப்பன் கட்டிப்போட்ட இடத்திலிருந்து.

"புள்ள எங்க? வைக்கச் சொல்லுங்க!" என்றான் அறிவுச்செல்வன்.

மேளக்காரர் இதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார். கறிப் பக்கமிருந்து கூட்டம் ஓடிவந்து பெஞ்சைச் சுற்றிக்கொண்டது. ஆளாளுக்கு "வைங்க, வைங்க" என்று கத்தினார்கள். திருமுருகன் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வேலைகளுக்கு ஒவ்வொன்றாக டிக் போட்டான். மேளம், ஆச்சு. பெஞ்சு, ஆச்சு. போனிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தால் மஞ்சள் துண்டும் சந்தன மொட்டையுமாகப் பிள்ளை பொது மடியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

பார்த்தாயா, நான் சொன்னேனே, பத்துக் கை நீளும் என்று. அவன் மஞ்சள் முக்கோணத்தை அழுத்தி, 'நிறைவேறியது' என்று போட்டான். படம் முழுக்கப் பச்சை. வாழ்க்கையில் இவ்வளவு பச்சையை அவன் பார்த்ததே இல்லை.

"பொம்பளப் புள்ள, எடது காது மொதல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது. முகமெல்லாம் வாயாகி அழுதது. குலவைச் சத்தம் எழுந்தது.

மாமன்கள் இருவரும் பதறிப்போனார்கள். "அழுவாத ராசாத்தி, மாமா இருக்கேன்ல," என்று அய்யப்பன் சந்தனம் பூசின தலையில் முத்தம் கொடுத்தார். அறிவுச்செல்வன் சட்டைப் பையிலிருந்து சிங்கப்பூர் மிட்டாயை எடுத்து உறையைப் பல்லாலேயே கிழித்தான். இரண்டு தொடைகளும் சேர்ந்தே குலுங்கி ஆடின. கட்டியிருந்ததால் வேறு வழியும் இல்லை.

குலுக்கியதில் துண்டு நழுவியது. அடுத்த கணம் பிள்ளை, பயத்திலும் மிட்டாய் சந்தோஷத்திலும், அழகாக வளைத்து ஒரு ஒண்ணுக்கு அடித்தது. முதலில் அண்ணனின் பட்டு வேட்டி. பிறகு பாரபட்சமில்லாமல் தம்பியின் பட்டு வேட்டி.

மேளம் நின்றது.

அய்யப்பன் குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"மாப்ள... நம்ம இளமதி பொம்பளப் புள்ளதான?"

திருமுருகன் பதில் சொல்வதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சரண்யா வந்தாள். இடுப்பில் இளமதி, குளித்து முடித்துக் கொலுசு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டேங்க, குழாயில ஒரே கூட்டம். ஆரம்பிக்கலாமா?"

பெஞ்சில் இருந்த பிள்ளை மிட்டாயை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அய்யப்பன் சரண்யாவின் இடுப்பிலிருக்கும் இளமதியைப் பார்த்தார், மடியிலிருக்கும் மொட்டையைப் பார்த்தார், பிறகு கழுத்தை முழுசாகத் திருப்பித் தம்பியைப் பார்த்தார்.

"டேய் அறிவு, யாரு புள்ளடா இது?"

"தெரியலையேண்ணே!"

"நீ பாக்கலையாடா?"

"நான் ஒங்க பக்கம் பாக்கக் கூடாதுன்னு அங்கிட்டுல்லண்ணே பாத்துக்கிட்டிருந்தேன்!"

"நானுந்தாண்டா!"

முதலில் அறிவுச்செல்வனுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். தொடை கட்டியிருந்ததால் அவன் குலுங்கியது அண்ணனையும் குலுக்கியது. பிறகு இருவரும் ஈர வேட்டியோடு, ஊரான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சரண்யா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "பேசுறாக," என்று இளமதியின் காதில் சொன்னாள். "மாமா ரெண்டு பேரும் பேசுறாகடி."

திருமுருகனுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ பெற்ற பிள்ளையின் காதில் ஓட்டை போட்டாகிவிட்டது. பெற்றவள் வந்து கேட்டால் என்ன சொல்வது? கூட்டத்தில் தேடினான். மண் குதிரைப் பக்கமிருந்து பரிமளா எழுந்து நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, தாயி, தெரியாம நடந்துபோச்சு," என்று அய்யப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "புள்ளைக்கு ஒன்னும் ஆகலம்மா. ஒத்தக் காதுதான். என்ன பரிகாரம் செய்யணுமோ செஞ்சுர்றோம்."

"தப்பு என்மேலதாங்க," என்றான் திருமுருகன். "படத்துல அந்த எடத்துக்கு ஆள் போடாம விட்டேன். கூட்டத்துல யாரோ புள்ளைய மாத்தி வச்சுட்டாங்க."

பரிமளா குனிந்து மகனைத் தூக்கினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைச் சிந்திவிட்டாள், துண்டை மறுபடி சுற்றினாள். பிறகு அதே ஈர மடியில் அவனைத் திரும்ப உட்கார வைத்தாள்.

"யாரு வேணா வைக்கலாம்னு நீங்கதாங்க சொன்னீங்க, நாந்தான் வச்சேன், எந்தப் புள்ளையன்னு நீங்க சொல்லலையே," என்றவள், மச்சான்கள் பக்கம் திரும்பினாள். "இன்னொரு காது பாக்கி இருக்குண்ணே, ரெண்டு பேரும் ஆடாம உக்காருங்க."